தலை நீலம், மூக்கு ஆரஞ்சு, தாடை பச்சை

1962 ஏப்ரல் முதல் தேதி. ஸ்வீடன் நாட்டு டெலிவிஷனில் செல் ஸ்டென்சன் என்றொரு பெரிய மனிதர் வந்து உட்கார்ந்தார். நிலையத்தின் தொழில்நுட்ப நிபுணர். அந்த நாட்டில் அப்போது இருந்ததே ஒரு சேனல். அதுவும் கறுப்பு வெள்ளை. மனிதர் ஒளியைப் பற்றி, அலைநீளத்தைப் பற்றி, வாயில் நுழையாத இன்னும் எதையெதையோ பற்றிக் கொஞ்ச நேரம் பாடம் எடுத்துவிட்டு விஷயத்துக்கு வந்தார். வண்ணப் படம் பார்க்கப் புது டிவி வேண்டாம். வீட்டுப் பெண்கள் போடுகிற நைலான் காலுறை ஒன்றை வெட்டித் திரைமேல் இழுத்து ஒட்டினால் போதும். அந்த வலைக்கண்ணில் ஒளி வளைந்து வரும்போது நிறம் தெரியும். சரியான தூரம் பார்த்து உட்கார வேண்டும். தலையை மட்டும் மெதுவாக முன்னும் பின்னும் அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

ஆயிரக்கணக்கான வீடுகளில் காலுறை கிழிந்தது. குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டியிருக்கிறார்கள். அறுபது வருஷமாக உலகம் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறது. எனக்கு மட்டும் சிரிப்பு வருவதில்லை. அவர்களாவது வீட்டில் கிடந்த காலுறையைக் கிழித்தார்கள். எங்கள் பெரியப்பா காசு கொடுத்து வாங்கினார். ஏப்ரல் முதல் தேதியில்கூட இல்லை, சாதாரண ஒரு புதன்கிழமையில்.

எங்கள் ஊர் தூத்துக்குடிக்குத் தெற்கே, கடலோரம். பெரியப்பா உப்பளத்தில் கணக்கப்பிள்ளை. எண்பதுகளின் நடுவில் தெருவுக்கே முதல் டிவி அவர் வீட்டில்தான் வந்து இறங்கியது. அதை டிவி என்பதைவிட பீரோ என்று சொன்னால் பொருந்தும். நாலு கால், தேக்கு நிறப் பெட்டி, முன்பக்கம் இழுத்து மூடுகிற மரக்கதவு, கதவுக்கு ஒரு பூட்டு. பெரியம்மாவின் நகைக்குக்கூட அந்த வீட்டில் இப்படியொரு காவல் கிடையாது. அது அரிசிப் பானைக்குள் கிடந்தது. டிவி சாவியோ பெரியப்பாவின் அரைஞாண் கயிற்றில் தொங்கியது. அவர் குளிக்கப் போனால் தெருவே குளித்து முடிக்கட்டும் என்று காத்துக்கிடக்கும்.

பெட்டி வந்துவிட்டது, படம் வர வேண்டுமே! சென்னையில் தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15 அன்றே ஆரம்பித்துவிட்டது. சென்னை எங்கே, நாங்கள் எங்கே? அங்கே கிளம்பிய அலைக்குச் செங்கல்பட்டு தாண்டும்போதே மூச்சு வாங்கியிருக்கும். ஆனால் கடலுக்கு அந்தப் பக்கம் 1982 பிப்ரவரியில் இலங்கைக்காரர்கள் ரூபவாஹினி என்று ஒன்றை ஆரம்பித்திருந்தார்கள். ஜப்பான்காரன் உதவியில் கட்டிய நிலையம். அந்த நாட்டிலேயே உசரமான பிதுருதலாகல மலைமேல் ஒரு கோபுரம். அதிலிருந்து புறப்பட்ட அலை பாஸ்போர்ட், சுங்கச் சோதனை எதுவும் இல்லாமல் கடல் தாண்டி வந்து எங்கள் மொட்டைமாடிகளில் இறங்கியது. சென்னைக்காரன் எங்களுக்குக் காட்டாத படத்தை இன்னொரு நாட்டுக்காரன் சும்மா காட்டினான்.

சும்மா என்று சொன்னது தப்பு. ஆன்டெனா திருப்புகிற வேலை இருந்ததே! மாடியில் அண்ணன், மாடிப்படியில் நான், ஜன்னலில் பெரியம்மா, டிவி முன்னால் பெரியப்பா. சொல் ஒவ்வொரு ஆளாக ஏறி இறங்கும்.

"லேசா கெழக்க திருப்பச் சொல்லு!"

"தெரியுதா?"

"போச்சு! இருந்ததும் போச்சு! பழையபடி வைக்கச் சொல்லு!"

"பழையபடின்னா எப்படி பெரியப்பா?"

இந்தக் கேள்விக்கு எந்தச் சித்தாந்தத்திலும் பதில் கிடையாது. ஒரு நாள் எல்லோரும் வெறுத்துப்போய் விட்டுவிட்ட நேரத்தில், ஒரு காக்கை வந்து கம்பியில் உட்கார்ந்தது. படம் பளிச்சென்று வந்தது. அமாவாசைக்கு மட்டும் காக்கைக்குச் சோறு வைத்துக்கொண்டிருந்த வீட்டில், அன்றிலிருந்து தினமும் மாலை ஆறு மணிக்கு நெய் விட்டுப் பிசைந்து மாடிக்குப் போயிற்று. பித்ருக்களே திகைத்திருப்பார்கள்.

சிங்களம் எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அதனால் என்ன, பார்த்தோம். செய்தி வாசிக்கிறவர் கைகூப்பி 'ஆயுபோவன்' என்பார். எதிர்வீட்டு ஆச்சி தினமும் தரையிலிருந்து பாதி எழுந்து பதிலுக்குக் கும்பிடுவாள். "என்னத்தையோ கேக்காரு. கும்பிடுதவருக்கு நாமளும் கும்பிடாண்டாமா?" அங்கே நிலவரம் மோசமான பிறகு அதே செய்தியை வேறு காதோடு கேட்டோம், அது வேறு கதை, இந்தச் சிரிப்புக்கு நடுவில் வைக்கிற கதை இல்லை.

பிறகு கோடைக்கானலில் ஒளிபரப்புக் கோபுரம் வந்தது. சென்னைத் தூர்தர்ஷன் எங்களையும் தமிழ்நாட்டில் சேர்த்துக்கொண்டது. வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்', ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சினிமா. ஒரே கம்பம், இரண்டு திசை. வெள்ளியும் ஞாயிறும் ஆன்டெனா மலையைப் பார்க்கும், மற்ற நாளில் கடலைப் பார்க்கும். காக்கைக்கு இந்த அட்டவணை கடைசிவரை பிடிபடவில்லை.

வண்ணம்தான் ஒரே குறை. 1982இல் டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டியே இந்தியாவுக்குக் கலர் ஒளிபரப்பு வந்துவிட்டது. நிலையத்திலிருந்து வண்ணமாகத்தான் கிளம்பும். எங்கள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுகிற மாதிரி அதைக் கழற்றி வைத்துவிட்டுச் சாம்பல் நிறத்தில் உள்ளே வரும். கலர் டிவி வாங்குவதென்றால் அளத்தையே எழுதிக்கொடுக்க வேண்டும். அளமோ பெரியப்பாவுடையது இல்லை.

அந்தப் புதன்கிழமைதான் சைக்கிள்காரர் வந்தார். கேரியரில் சுருட்டி வைத்த பிளாஸ்டிக் தாள்கள். ஒன்றை விரித்துக் காட்டினார். மேலே மூன்றில் ஒரு பங்கு நீலம், நடுவில் ஆரஞ்சு, கீழே பச்சை. ஒன்றோடு ஒன்று குழைந்து, பழச்சாறு கடைக் கண்ணாடித் தம்ளர் மாதிரி இருந்தது.

"இத ஒட்டுனா கலர் டிவியா?" பெரியப்பா கணக்கப்பிள்ளை. லேசில் நம்ப மாட்டார்.

"அண்ணாச்சி, மேல பாருங்க. என்ன இருக்கு?"

"வானம்."

"நீலம். கீழ என்ன இருக்கு?"

"தரை."

"புல்லு. பச்சை. நடுவுல யாரு நிக்கா? மனுசன். உலகமே இப்படித்தான அண்ணாச்சி இருக்கு!"

ஸ்வீடன்காரருக்கு அலைநீளம் தேவைப்பட்டது. எங்கள் ஆளுக்கு வானமும் தரையும் போதும். பெரியப்பா அண்ணாந்து பார்த்தார், குனிந்து பார்த்தார், அரைஞாண் கயிற்றைத் தடவினார், வாங்கிவிட்டார். உப்பளத்தில் வேலை பார்ப்பவர். அவர் வாழ்க்கையில் கீழே பார்த்ததெல்லாம் வெள்ளை. அது அவருக்கு அப்போது தோன்றவில்லை.

அந்தத் தாளின் கொள்கையில் தப்பே கிடையாது, ஒரு வயல்வெளியில் ஒரு மனிதன் அசையாமல் நிற்கிறவரை. சினிமாக்காரன் அப்படி நிற்க விடுவானா? முகத்தைக் கிட்டத்தில் காட்டினான். சிவாஜிக்கு நெற்றி நீலம், மூக்கு ஆரஞ்சு, தாடை பச்சை. அழுதால் ஆரஞ்சில் கிளம்பிய கண்ணீர் பச்சையில் வந்து விழும். கட்டிலில் சாகக் கிடக்கிற அப்பா பச்சையாக இருப்பார். மகன் வந்ததும் எழுந்து உட்கார்ந்தால் உயிர் திரும்பிய மாதிரி ஆரஞ்சாவார். 'சந்தோஷம்' என்று எழுந்து நின்றால் விஷம் குடித்தவர் மாதிரி நீலம். கோர்ட் காட்சியில் உசரத்தில் உட்கார்ந்த நீதிபதிதான் அநேகமாக விஷம் குடித்திருப்பார். நிகழ்ச்சி ஆரம்பிக்கும் முன்னால் கூ... என்ற சத்தத்தோடு நட்டக்குத்தலாகப் பட்டைகள் காட்டுவார்களே, அதன்மேல் இந்தத் தாளின் படுக்கைப் பட்டை விழுந்ததும் அச்சு அசல் கட்டம் போட்ட சாரம். கொடியில் காயப்போட்ட மாதிரி பத்து நிமிஷம் தொங்கும். 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' அட்டை போட்டபோதுதான், கொடுத்த காசுக்குக் குறையில்லாமல் மூன்று நிறமும் நிம்மதியாகத் தெரிந்தன. வாரத்தில் அதிக நேரம் ஓடிய நிகழ்ச்சியும் அதுதான்.

முகல்-இ-ஆசம் படத்துக்கு வண்ணம் பூசி 2004இல் வெளியிட்டபோது பத்திரிகைகளெல்லாம் ஆகா என்றன. கம்ப்யூட்டர், நிபுணர்கள், வருஷக்கணக்கில் உழைப்பு. எங்கள் சைக்கிள்காரர் அந்த வேலையை ஒரு கத்தரிக்கோலும் நாலு துண்டு செலோடேப்பும் வைத்துக்கொண்டு முடித்துக் கொடுத்தார். இன்றைக்குக் கல்யாண வீட்டு வீடியோவில் ஃபில்டர் என்று ஒன்றைப் போட்டு மாப்பிள்ளையை அசல் மஞ்சள்காமாலை நோயாளியாக்கிக் கொடுக்கிறார்கள். அதற்கு வாங்குகிற தொகையைக் கேட்டால், அந்த மனிதரைத் தேடிப்பிடித்துக் காலில் விழலாம் போலிருக்கிறது.

1987 ஜனவரி 25 முதல் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ராமானந்த் சாகரின் ராமாயணம். முழுக்க முழுக்க இந்தி. 1965இல் இந்தி வேண்டாம் என்று தெருவில் இறங்கிய தலைமுறை, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்து பார்த்தது. மொழி யாருக்கு வேண்டும், கதைதான் தெரியுமே! பெரியப்பாவுக்கு அது தாள் வாங்கிய பலனை அனுபவிக்கும் காலம். அருண் கோவில் ராமராக வந்து நிற்பார். கழுத்து வரைக்கும் நீலம். "நீலமேக சியாமளன்னு சொல்லியிருக்கு. கலர் டிவில பாரு, வெளுத்துப்போயி இருப்பாரு. நம்ம வீட்டுலதான் சாஸ்திரப்படி வாராரு." உட்கார்ந்தால் ராமர் ஆரஞ்சாகிவிடுவதைப் பற்றிச் சாஸ்திரம் என்ன சொல்கிறது என்று நான் கேட்டு, வாசலுக்கு அனுப்பப்பட்டேன்.

ஆச்சி வரும்போதே சூடமும் பத்தியும் கொண்டுவருவாள். ராமர் வந்ததும் டிவிக்குத் தீபாராதனை. வெற்றிலைத் தட்டு, வாழைப்பழம், ஒரு முழம் பிச்சிப்பூ. பூ திரையை மறைக்கிறது என்று சொன்னவர்களுக்கு நரகம் உறுதி.

இங்கே பி.பி.சி.யைப் பற்றி ஒரு வார்த்தை. அதே 1965இல் அவர்கள் ஒரு ஏப்ரல் முதல் தேதி ஒரு பேராசிரியரைப் பேட்டி கண்டார்கள். டிவி வழியாக வாசனையை அனுப்பும் கருவி கண்டுபிடித்தவராம். அவர் காப்பி கலந்தார், வெங்காயம் நறுக்கினார், வாசனை வருகிறதா என்று கேட்டார். வருகிறது வருகிறது என்று நாட்டின் பல மூலையிலிருந்து தகவல் வந்தது. வெங்காயத்தில் கண் எரிந்ததாகச் சொன்னவர்களும் உண்டு. லண்டன்காரன் மூளையைக் கசக்கி ஒரு நாள் பொய்யாகச் செய்ததை, எங்கள் ஆச்சி எழுபத்தெட்டு ஞாயிற்றுக்கிழமையும் நிஜமாகவே செய்தாள். எங்கள் டிவியிலிருந்து வாசனை வந்தது, புகையும் வந்தது. ஒரு தடவை பிளாஸ்டிக் தாளின் ஓரம் பொசுங்கிய நாற்றமும் வந்தது.

அந்த பி.பி.சி.தான் 1957இல் ஸ்பாகெட்டி மரத்தையும் காட்டியது. ஸ்விட்சர்லாந்தில் ஒரு குடும்பம் மரக்கிளையிலிருந்து ஸ்பாகெட்டியை அறுவடை செய்து வெயிலில் உலர்த்துகிறது. இந்த வருஷம் ஸ்பாகெட்டிப் பூச்சி ஒழிந்துவிட்டதால் மகசூல் அமோகம் என்று ரிச்சர்ட் டிம்பில்பி என்கிற மகா கம்பீரமான குரல்காரர் சொன்னார். மறுநாள் போன் மேல் போன், மரம் எப்படி வளர்ப்பது என்று. ஒரு கிளையைத் தக்காளி சாஸ் டப்பாவில் நட்டுவைத்து நல்லதே நடக்கும் என்று நம்புங்கள் என்றார்களாம். யோசனைக்குச் சொந்தக்காரர் கேமராமேன் ஒருத்தர். அவர் படித்த பள்ளியில் வாத்தியார், 'நீங்கள் இருக்கிற லட்சணத்துக்கு ஸ்பாகெட்டி மரத்தில் காய்க்கிறது என்றாலும் நம்புவீர்கள்' என்று திட்டுவாராம். இதில் புதுசாக என்ன இருக்கிறது? 'நெல்லு எந்த மரத்துல காய்க்குன்னு கேக்கிற பய' என்று எங்கள் வாத்தியார்களும் திட்டியவர்கள்தாம். நாங்கள் அதை வைத்து டிவி நிகழ்ச்சி எடுக்கவில்லை, அவ்வளவே. எடுத்திருந்தாலும் எங்கள் ஊரில் பலித்திருக்காது. 'வயலும் வாழ்வும்' நிகழ்ச்சியில் உண்மையைச் சொன்னாலே ஒருத்தரும் நம்ப மாட்டார்கள். யூரியா அளவு சொல்கிற அதிகாரியைப் பார்த்து, சொந்தமாக ஒரு சென்ட் நிலமில்லாத என் பெரியப்பா, "இவன் எங்க வயல்ல இறங்குனான், சட்டையில மடிப்பு கலையல" என்பார். மடிப்பு பச்சையாக இருந்தது. அதைப் பார்த்தாவது நம்பியிருக்கலாம்.

ஆகாயத்திலிருந்து வருகிற விஷயமென்றால் மட்டும் எங்களுக்குப் பக்தி அதிகம். 1976இல், அதுவும் ஏப்ரல் முதல் தேதிதான், வானியல் மேதை பேட்ரிக் மூர் பி.பி.சி. ரேடியோவில் சொன்னார்: இன்று காலை சரியாக 9:47க்கு புளூட்டோ வியாழனுக்குப் பின்னால் போகிறது, பூமியின் ஈர்ப்பு சற்றே குறையும், அந்த நொடியில் எம்பிக் குதித்தால் மிதப்பதுபோல் இருக்கும். 9:47 ஆனது. நூற்றுக்கணக்கானோர் மிதந்தோம் என்று போன் செய்தார்கள். ஒரு பெண்மணி, தானும் பதினோரு தோழிகளும் நாற்காலியிலிருந்து எழும்பி அறைக்குள் மெல்ல வலம் வந்ததாகச் சொன்னார். பன்னிரண்டு பேர் கூட்டாகப் பொய் சொல்ல முடியாது என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன், கல்யாண வீட்டுச் சமையலை எல்லோரும் புகழ்வதைக் கேட்கும் வரை.

எங்களுக்கு 1979இல் ஸ்கைலாப். அது விளையாட்டு இல்லை, நாசா மெய்யாகவே சொன்னது: 1973இல் ஏவிய விண்வெளி நிலையம், எழுபத்தேழு டன், கீழே வருகிறது, எங்கே விழும் என்று தெரியாது. எங்கே விழும் என்று எங்கள் ஊருக்கு மட்டும் தெரிந்திருந்தது: எங்கள் ஊரில். எனக்கு அப்போது ஆறு வயசு. ஊரே சாகப்போகிறபோது கோழி மட்டும் எதற்கு உயிரோடு இருக்க வேண்டும் என்ற நியாயமான கேள்வியை யாரோ கிளப்ப, அந்த வாரம் தெருவில் கூவுவதற்கு ஒரு சேவல் மிச்சமில்லை. கடன் கேட்டு வந்தவரிடம் பெரியப்பா, "புதன்கிழமைக்கு அப்புறம் வாரும், இருந்தா தாரேன்" என்றார். அவர் யோசித்துவிட்டு, "புதன்கிழமைக்கு முன்னாலயே குடுத்துட்டீர்னா ரெண்டு பேருக்கும் நிம்மதி" என்றார்.

ஜூலை 11 அன்று அது இந்தியப் பெருங்கடலைத் தாண்டிப்போய் ஆஸ்திரேலியாவில் எஸ்பெரன்ஸ் என்கிற ஊர்ப்பக்கம் சிதறி விழுந்தது. அந்த ஊர் நிர்வாகம் குப்பை போட்டதற்காக நாசாவுக்கு நானூறு டாலர் அபராதம் எழுதியது. நாசா கட்டவில்லை, முப்பது வருஷம் கழித்து ஓர் அமெரிக்க ரேடியோக்காரர் நேயர்களிடம் வசூல் பண்ணிக் கட்டினார். எங்கள் தெருவின் கோழிகளுக்கு யார் கட்டினார்கள்? வியாழக்கிழமை காலை கண் விழித்தவர்களில் உயிரோடிருப்பதற்காக வருத்தப்பட்டவர்கள், கோழி வளர்த்தவர்களும் கடன் வாங்கியவர்களும்தான்.

இத்தனை பேர் ஏமாற்றப்பட்ட கதையைப் பத்திரிகையில் படித்த பிறகு, நாமும் யாரையாவது ஏமாற்றியே தீர வேண்டும் என்று அண்ணனுக்கும் எனக்கும் வெறி வந்தது. 1988 ஏப்ரல் முதல் தேதி பெரிய வெள்ளியும்கூட, பள்ளிக்கூடம் லீவு. மத்தியானம் பெரியப்பா அசந்து தூங்குகையில் அரைஞாண் கயிற்றிலிருந்து சாவியைக் கழற்றினோம். அறுவை சிகிச்சைக்கு வேண்டிய நிதானத்தில் செலோடேப்பைப் பிரித்து, தாளைத் தலைகீழாகத் திருப்பி ஒட்டினோம். மேலே பச்சை, கீழே நீலம். சாவி திரும்பவும் கயிற்றுக்கே போய்விட்டது.

ராத்திரிச் செய்தி. வாசித்த அம்மாவுக்குக் கொண்டை பச்சை, புடவை நீலம். நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு பெரியப்பாவைப் பார்க்கிறோம். அவர் செய்தியைப் பார்க்கிறார். முடிந்தது. பூட்டினார். படுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை ராமாயணம். ராமர் பச்சைத் தலையோடு வந்து நின்றார். ஆச்சி சூடத்தைக் காட்டிவிட்டு உற்றுப்பார்த்தாள். சரி, மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தேன்.

"பதினாலு வருசம் காட்டுல கெடந்தா வேற என்ன நெறத்துல இருப்பான் பிள்ள" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

பத்து நாள் பொறுத்தோம். உலகத்தில் குறும்பு செய்து மாட்டிக்கொண்டவன் படுகிற வேதனை ஒன்றும் பெரிசில்லை. குறும்பு செய்து, அதை ஒருத்தரும் கண்டுகொள்ளாதவன் படுகிற வேதனைக்கு மருந்து கிடையாது. கடைசியில் அண்ணன் தானாகப் போய் ஒப்புக்கொண்டான். பெரியப்பா பேப்பரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அன்னைக்கே தெரியும்லே. இதுதான் தெளிவா இருக்கு, கெடக்கட்டும்."

நிஜமாகவே தெரிந்ததா, அந்த நிமிஷத்தில் சமாளித்தாரா என்பதில் அண்ணனும் நானும் இன்றுவரை ஒத்துப்போனதில்லை. தாள் மட்டும் அப்படியே கிடந்தது. மகாபாரதம் முழுக்கத் தலைகீழாகத்தான் பார்த்தோம். கிருஷ்ணருக்குப் பாதம் மட்டும் நீலம்.

ஸ்வீடனில் வண்ண ஒளிபரப்பு முறையாக ஆரம்பித்த தேதியைப் பிற்பாடு ஒரு புத்தகத்தில் பார்த்தேன். 1970 ஏப்ரல் 1. வேண்டுமென்றே அந்த நாளை வைத்தார்களா என்று எழுதியிருக்கவில்லை. எட்டு வருஷத்துக்கு முன்னால் காலுறையைப் பறிகொடுத்த அம்மாக்கள் அன்றைக்குப் பீரோவைப் பூட்டிச் சாவியை எடுத்து வைத்திருப்பார்கள் என்பது என் ஊகம்.

எங்கள் வீட்டுக்கு நிஜமான கலர் டிவி வந்தது 1993இல், சன் டிவி ஆரம்பித்த சமயம். அண்ணன் முதல் சம்பளத்தில் தவணைக்கு வாங்கினான். மரக்கதவு இல்லை, பூட்டு இல்லை, காக்கையும் தேவையில்லை. பெரியப்பாவை நடுவில் உட்காரவைத்துப் போட்டுக் காட்டினோம். ஒரு பாட்டு ஓடியது. நீல வானம் நீலமாகவே இருந்தது, புடவையெல்லாம் அதனதன் நிறத்தில். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். தலையைக் கொஞ்சம் முன்னால் நீட்டினார், பின்னால் இழுத்தார். பாட்டு முடிந்தது.

"நல்லாத்தான் இருக்கு" என்றார். "இதுக்குத் தாளு எங்கலே விக்கான்?"